பேட்டரி

சென்னை ராயபுரத்துக்குப் பக்கத்தில் ‘கிளைவ் பேட்டரி’ என்றொரு பேருந்து நிறுத்தம். டார்ச் லைட்டில் போடும் பேட்டரிக்கும் இந்த இடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. சம்பந்தம் இருக்கிறது.

பிரெஞ்சில் ‘பாத்ர்’ என்றால் அடிப்பது. அதில் பிறந்த ‘பாத்ரி’, கோட்டைச் சுவரை அடித்து நொறுக்க வரிசையாக நிறுத்திய பீரங்கிகளைக் குறித்தது. பிறகு அவை நிற்கும் மேடைக்கும் அதுவே பெயரானது. கடலைப் பார்த்துப் பீரங்கி நிறுத்திய அப்படியொரு மேடைதான் ராயபுரத்துப் பேட்டரி.

மின்சாரப் பேட்டரி பின்னால் வந்தது. 1748-49 வாக்கில் பெஞ்சமின் பிராங்க்ளின், மின்னூட்டம் தேக்கும் லைடன் ஜாடிகளை வரிசையாக இணைத்து, பீரங்கி வரிசையின் பெயரையே அவற்றுக்கு வைத்தார். தனிச் செல்லையும் நாம் பேட்டரி என்பது அதன் நீட்சி.

‘பீரங்கி’யும் வந்த சொல்தான். ஐரோப்பியரைக் குறித்த ‘ஃபிரங்கி’, அவர்கள் கொண்டுவந்த ஆயுதத்துக்குப் பெயரானது. பரங்கிக்காயும் அதே உறவு. ‘துப்பாக்கி’ துருக்கி, பாரசீக வழி வந்தது. ரிவால்வருக்குத்தான் ‘சுழல் துப்பாக்கி’ என்று பாதியாவது தமிழில் பெயர் வைத்தோம். குண்டறை சுழல்வதை அப்படியே சொல்லும் நல்ல பெயர்.