பில்சனர் பியர்: பிறப்பும் சுவையும்

பில்சனர் என்பது பொன்னிறமும் தெளிவும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் கொண்ட ஒருவகை லாகர் பியர் ஆகும். இன்றைய செக் குடியரசின் மேற்கே, பொகீமியப் பகுதியில் உள்ள பில்சன் நகரில் 1842ஆம் ஆண்டு இது முதன்முதலாகக் காய்ச்சப்பட்டது. இன்று உலகெங்கும் விற்கப்படும் வெளிர்நிற லாகர் பியர்களில் பெரும்பாலானவை இதன் வழிவந்தவையே. சிறு பியர் ஆலைகளின் தரத்தை எடைபோட விரும்புவோர் பலர் முதலில் கேட்டு வாங்கிச் சுவைப்பதும் இதைத்தான். அதற்கான காரணம் இதன் வரலாற்றிலேயே இருக்கிறது.

கொட்டப்பட்ட 36 பீப்பாய்கள்

பில்சன் நகரம் 1295இல் அரசர் இரண்டாம் வென்செஸ்லாசின் ஆணையால் உருவானது. பியர் காய்ச்சி விற்கும் உரிமை அந்நகரின் வீட்டுரிமையோடு சேர்ந்தே வந்தது. 250க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அவ்வுரிமை இருந்தது. வீடு கைமாறினால் உரிமையும் கைமாறும். ஆனால் உரிமை பரம்பரையாக வந்ததுபோல் திறமை வரவில்லை. அக்காலப் பியர் வெப்பமான சூழலில், மேல்மட்டத்தில் பொங்கும் ஈஸ்ட்டால் நொதிக்க வைக்கப்பட்டது. அது கலங்கலாக இருந்தது. எளிதில் புளித்தும் போனது.

1838இல் குடிக்கத் தகாதது என்று முடிவாகிய 36 பீப்பாய் பியரை நகர மன்றத்தின் முன்னாலேயே தெருவில் கொட்டிவிட்டார்கள். சொந்த ஊர்ச் சரக்கைச் சொந்த ஊராரே சாக்கடைக்கு அனுப்பிய இந்த நிகழ்ச்சி, காய்ச்சும் உரிமை பெற்ற குடும்பங்களுக்குப் பெரும் தலைகுனிவாயிற்று. அடுத்த ஆண்டே அவர்கள் ஒன்றுகூடி, தனித்தனியே காய்ச்சுவதை விட்டு, எல்லோருக்கும் பொதுவான ஆலை ஒன்றைக் கட்ட முடிவு செய்தார்கள். நகரத்தார் ஆலை என்றே அதற்குப் பெயர். பில்சனரைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் ஒரே ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அந்த விடையில் இந்தக் கூட்டு முடிவு காணாமல் போய்விடுகிறது.

அந்த ஒரு பெயர் ஜோசப் குரோல். பவேரியாவின் வில்ஸ்ஹோஃபன் என்ற சிற்றூரில் 1813இல் பிறந்தவர். பியர் காய்ச்சும் குடும்பத்தைச் சேர்ந்தவர். பவேரியாவில் அப்போது லாகர் முறை வேரூன்றியிருந்தது. லாகர் என்ற சொல் சேமித்து வைப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. குளிரில் மெல்ல வேலை செய்து அடியில் படியும் ஈஸ்ட்டைக் கொண்டு நொதிக்கவைத்து, பின் பல வாரங்கள் குளிர்ந்த நிலவறையில் வைத்துப் பதப்படுத்துவதே இம்முறை. பில்சன் நகரத்தார் விரும்பியதும் கெடாத பவேரியப் பியரைத்தான். ஆனால் அன்றைய பவேரியப் பியர் கருமையானது. குரோல் 1842 அக்டோபர் 5ஆம் நாள் காய்ச்சி, நவம்பர் 11ஆம் நாள் புனித மார்ட்டின் திருநாளன்று மக்கள் குடித்தது பொன்னிறமாக இருந்தது.

நீரும் மால்ட்டும் பூவும்

இந்த வேறுபாட்டுக்கு முதற்காரணம் மால்ட். வாற்கோதுமையை நனைத்து முளைகட்டி உலர்த்துவதே மால்ட் ஆகும். தீயின் புகையும் அனலும் நேரே படும்படி உலர்த்தினால் அது கருகிக் கருமை ஏறும். புதிய ஆலையில் வெப்பக் காற்றால் மட்டும் உலர்த்தும் ஆங்கிலேய முறை கையாளப்பட்டதால், மால்ட் வெளிறிய நிறத்திலேயே இருந்தது. வெளிர்நிற ஏல் வகைப் பியர் இங்கிலாந்தில் முன்பே உண்டு. ஆகவே நிறம் மட்டும் புதுமையன்று. அந்த மால்ட்டைக் குளிர்முறை ஈஸ்ட்டோடு சேர்த்ததே புதுமை.

இரண்டாவது காரணம் நீர். பில்சனின் நீர் மிக மென்மையானது. கரைந்த உப்புகள் அதில் மிகக் குறைவு. கார்பனேட் மிகுந்த கடின நீரில் வெளிர் மால்ட்டைக் காய்ச்சினால் துவர்ப்பு இறங்கும்; ஹாப்ஸின் கசப்பும் நாவில் உறுத்தும். மென்னீரில் அதே கசப்பு மழுங்கித் தெரியும். ஆகவே அருகிலுள்ள சாட்ஸ் வட்டாரத்தின் நறுமண ஹாப்ஸைத் தாராளமாகப் போட முடிந்தது. நகருக்கு அடியில் மணற்பாறையைக் குடைந்து அமைத்த நிலவறைகள் குளிர்ச்சியைத் தந்தன. பிற்காலத்தில் அவை சுமார் 9 கி.மீ. நீளத்துக்கு விரிந்தன.

குரோலின் ஒப்பந்தம் 1845இல் முடிந்தது; அது நீட்டிக்கப்படவில்லை. ஊர் திரும்பி, 1887இல் அங்கேயே காலமானார். அவர் காய்ச்சிய பியரின் பெயரில் ஊர் இருக்கிறது, அவர் இல்லை.

பெயர் யாருக்குச் சொந்தம்?

இருப்புப் பாதை வந்ததும் பில்சனர் பிற நகரங்களுக்கும் நாடுகளுக்கும் சென்றது. போனவிடமெல்லாம் அதைப் பார்த்துக் காய்ச்சியவர்கள் தங்கள் பியருக்கும் பில்சனர் என்றே பெயரிட்டார்கள். நகரத்தார் 1859இல் பெயரைப் பதிவு செய்தும் பயனில்லை. பின்னர் 1898இல், மூல ஊற்று என்று பொருள்படும் ‘உர்க்குவெல்’ என்ற சொல்லைச் சேர்த்து, ‘பில்சனர் உர்க்குவெல்’ என்று பதிந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் நடந்த வழக்கில், பில்சனர் என்பது ஊரைக் குறிப்பதன்று, பியர் வகையையே குறிப்பது என்று தீர்ப்பாயிற்று. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். பீப்பாயைத் தெருவில் உருட்டிக் கொட்டிய ஊருக்கு அது இழப்புதான். செக் மக்கள் மட்டும் இன்றும் பில்சனில் காய்ச்சியதையே அப்பெயரால் அழைக்கிறார்கள். மற்றவை அவர்களுக்கு வெறும் வெளிர் லாகர்.

சிறு ஆலைகளின் சோதனை

அமெரிக்காவில் 1976இல் கலிபோர்னியாவின் சொனோமாவில் ஜாக் மெக்காலிஃப் தொடங்கிய நியூ ஆல்பியன் போன்ற தொடக்ககாலச் சிறு ஆலைகள் பெரும்பாலும் ஏல் வகையையே காய்ச்சின. ஏல் இரண்டு மூன்று வாரங்களில் விற்பனைக்கு வந்துவிடும். பில்சனரோ பல வாரங்கள் தொட்டியை அடைத்துக்கொண்டு கிடக்கும். தொட்டி குறைவாக உள்ளவருக்கு அது பணமுடக்கம். 1996இல் பென்சில்வேனியாவில் தொடங்கிய விக்டரி ஆலையின் ‘பிரைமா பில்ஸ்’ போன்றவை அந்தத் துணிச்சலைக் காட்டியவை.

சுவைப்போர் முதலில் பார்ப்பது நுரை. அது அடர்த்தியாக நின்று கண்ணாடியில் தடம் விட வேண்டும். பிறகு மணம். வெண்ணெய் வாசனை மிகுந்தால், பதப்படுத்தும் காலத்தைச் சுருக்கிவிட்டார்கள் என்று பொருள். வேகவைத்த சோளத்தின் வாசனை வந்தால் கொதிக்கவைத்தது போதவில்லை. பச்சை ஆப்பிள் வாசனையும் முதிராமையின் அடையாளமே. கருநிறப் பியரில் வறுத்த மால்ட்டும், அதிக ஹாப்ஸ் போட்ட ஏலில் பூவின் மணமும் இக்குறைகளைப் போர்த்துவிடும். பில்சனரில் ஒளிய இடமில்லை. ஜெர்மன் வகை வறண்டு, கூர்மையான கசப்போடு முடியும். செக் வகையில் மால்ட்டின் ரொட்டிச் சுவை நிறைந்து, கசப்பு பின்னால் வரும்.

பில்சன் ஆலையே 1990களில் மரப் பீப்பாய்களை விட்டு எஃகுத் தொட்டிகளுக்கு மாறியது. எனினும் நிலவறையில் இன்றும் சிறிதளவு பியரை ஓக் மரப் பீப்பாயில் பழைய முறைப்படி நொதிக்க வைக்கிறார்கள். எஃகுத் தொட்டியில் வந்தது அதே சுவையில் இருக்கிறதா என்று அதனோடு ஒப்பிட்டுச் சுவைத்துப் பார்க்கிறார்கள்.