சென்னை வானாய்வகச் சிறுகோள்கள்

சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் அமைத்த வானாய்வகத்திலிருந்து ஏசியா (1861), சாஃபோ (1864), சில்வியா (1866), கமில்லா (1868), வேரா (1885) ஆகிய ஐந்து சிறுகோள்கள் கண்டறியப்பட்டன. இவற்றுள் ஏசியா, ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அப்பெயர் பெற்றது.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட வெளியில் சூரியனைச் சுற்றிவரும் பாறைப் பொருள்களே பெரும்பாலும் சிறுகோள்கள் எனப்படுகின்றன. அவற்றுள் மிகப் பெரியதும் 1801இல் பலெர்மோ நகரில் பியாட்சி கண்டதுமான சீரிசு, ஏறத்தாழ 940 கிலோமீட்டர் விட்டமுடையது. தன் ஈர்ப்பாலேயே உருண்டை வடிவம் கொண்டிருப்பினும் தன் பாதையிலுள்ள பிற பொருள்களை அகற்றும் வலிமை அதற்கு இல்லை. இவ்விரு பண்பும் கொண்டு, சூரியனைச் சுற்றுவதாகவும் வேறொரு கோளின் துணைக்கோளாக இல்லாமலும் இருக்கும் பொருளைக் குறுங்கோள் என அனைத்துலக வானியல் ஒன்றியம் 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகு நகரில் வரையறுத்தது. சீரிசு, புளூட்டோ, ஹௌமியா, மாகேமாகே, ஏரிசு ஆகிய ஐந்தும் இன்று அவ்வகையில் ஏற்கப்பட்டுள்ளன.

சென்னைக் கண்டுபிடிப்புகள் ஐந்தும் நார்மன் ராபர்ட் போக்சனுடையவை. விண்மீன்களின் ஒளித்தரத்தில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 2.512 என 1856இல் முன்மொழிந்தவரும் இவரே. இங்கிலாந்தில் ஏற்கெனவே மூன்று சிறுகோள்களைக் கண்டிருந்த அவர், அரசு வானியலாளராகச் சென்னை வந்து சேர்ந்த 1861ஆம் ஆண்டிலேயே, ஏப்ரல் 17 அன்று, ஏசியாவைக் கண்டார். தொலைநோக்கியில் சிறுகோளும் விண்மீனைப் போலவே வெறும் ஒளிப்புள்ளியாகத் தெரிவதால், சூரியன் செல்லும் வழியை ஒட்டிய வான்பகுதியின் விண்மீன் வரைபடத்தை இரவுதோறும் வானத்தோடு ஒப்பிட்டு, இடம் பெயரும் புள்ளி எது எனக் கண்ணாலேயே தேட வேண்டியிருந்தது. ஒளிப்படத் தட்டில் சிறுகோளைக் காணும் முறையை மாக்ஸ் வோல்ஃப் கையாளத் தொடங்கியது, போக்சன் மறைந்த 1891இல்தான்.

ஐந்தினுள் அறிவியல் வளம் மிக்கது 1866 மே 16 அன்று கண்டறியப்பட்ட சில்வியா. சராசரி விட்டம் ஏறத்தாழ 270 கிலோமீட்டராக இருந்தும் அது உருண்டையன்று, நீண்டு சமனற்றுக் கிடப்பது. ஆகவே குறுங்கோள் வரையறைக்கு வெளியே நிற்கிறது. 2001இல் அதற்கு ரோமுலசு என்னும் துணைக்கோளும் பின்னர் ரேமுசு என்னும் மற்றொன்றும் இருப்பது தெரியவந்தது. 2005இல் அறிவிக்கப்பட்ட இந்த இரண்டாவது துணைக்கோளால், இரு துணைக்கோள்களுடன் அறியப்பட்ட முதல் சிறுகோள் என்னும் சிறப்பு சில்வியாவுக்கு வாய்த்தது. துணைக்கோள் சுற்றும் காலத்தையும் தொலைவையும் கொண்டு நடுவிலுள்ள பொருளின் நிறையைக் கணிக்கலாம் என்பதால், சில்வியாவின் அடர்த்தி நீரினுடையதைவிடச் சற்றே மிகுதி என்று புலப்பட்டது. இறுகிய பாறைக்கு இவ்வளவு குறைந்த அடர்த்தி இருக்க இயலாது. பழைய மோதல் ஒன்றில் சிதறிய துண்டுகள் இடைவெளிகளுடன் மீண்டும் திரண்டமைந்த குவியல் அது என்ற விளக்கமே பொருத்தமானது. தன் நிறையையும் உள்ளமைப்பையும் காட்டித் தரும் துணைகள் அதற்கு உண்டென்பதை, அதைக் கண்டவர் அறிந்திருக்க வழியில்லை.

போக்சனின் தேடல் சிறுகோள்களோடு நின்றுவிடவில்லை. 1872 நவம்பர் இறுதியில், பீலாவின் வால்வெள்ளி விட்டுச்சென்ற துகள்களால் பெரும் எரிவிண்மீன் மழை பொழிந்ததும், அவ்வால்வெள்ளியைத் தென்வானில் தேடுமாறு ஜெர்மனியிலிருந்து கிளிங்கர்ஃபியூசு போக்சனுக்குத் தந்தியனுப்பினார். டிசம்பர் தொடக்கத்தில் மேகங்களின் இடைவெளியில் ஒரு வால்வெள்ளியை அவர் கண்டார். ஆயினும் அது பீலாவினுடையதன்று எனப் பிற்காலக் கணிப்புகள் காட்டின. இரு நாள் அளவீடுகளே கிடைத்தமையால் அதன் பாதையை உறுதிசெய்ய இயலவில்லை.

வானாய்வகத்தின் பணிகள் 1899இல் கொடைக்கானலுக்கு மாறிச் சூரிய ஆய்வில் ஊன்றியபின், சிறுகோள் தேடல் தமிழ்நாட்டில் நெடுங்காலம் நின்றுபோயிற்று. ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில், ‘கல்கி’ என்னும் திட்டத்தின்கீழ், ஆர். இராஜமோகன் 1988 பிப்ரவரி 17 அன்று கண்டறிந்த சிறுகோள் 4130 இராமானுஜன் எனப் பெயர் பெற்றது. காவலூரிலிருந்து 1977 மார்ச் 10 அன்று, யுரேனசு ஒரு விண்மீனை மறைத்தபோது அக்கோளின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்வைப் பதிவுசெய்த ஜே. சி. பட்டாச்சார்யாவின் பெயரை, அதே திட்டத்தில் கண்டறியப்பட்ட 8348ஆம் சிறுகோள் தாங்குகிறது.