பெயரும் பிறப்பிடமும்: புலம்பெயர்ந்தோர் சந்தையில் தாயக அரிசி

முன்னுரை

கடல் கடந்து வாழும் மக்களுக்குத் தாயகத்து விளைபொருளை விற்பது பழமையான வணிகமாகும். இவ்வணிகத்தில் பொருளுக்கு முன்னே பெயர் சென்று சேர்கிறது. வயலையும் களத்தையும் நேரில் காண இயலாத வாங்குவோர், பொதியின்மேல் எழுதப்பட்ட ஊரையும் வகையையும் நம்பியே விலை கொடுக்கின்றனர். அந்நம்பிக்கைக்கு உரிய சான்றினை அளிப்பது யார் கடமை, அச்சான்று எதனைக் கூற வேண்டும் என்னும் வினாக்கள் கடந்த நூறாண்டுகளில் பலமுறை எழுந்துள்ளன. பாசுமதி, பொன்னி ஆகிய இரு அரிசிகளின் வரலாற்றை முதன்மைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலாயாவில் புழுங்கலரிசி

தாயக அரிசியின் மீதான பற்று வெறும் சுவை சார்ந்தது என்று கருதுவது பொருந்தாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் பரவி ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரிடையே இந்நோய் மிகுந்தும், புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடையே அரிதாகவும் காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில், நோய்க்கும் அரிசிக்கும் உள்ள தொடர்பை வலியுறுத்தினார். 1909இல் பிரேசர், ஸ்டாண்டன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வறிக்கை, வெள்ளையரிசி உண்ட குழுவினரிடையே நோய் தோன்றுவதையும் புழுங்கலரிசி உண்டோரிடையே தோன்றாமையையும் காட்டியது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்குவதே இதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று.

இந்நிகழ்வு ஒன்றைப் புலப்படுத்துகிறது. தமிழ்த் தொழிலாளர் உண்ட அரிசி முழுவதும் தமிழகத்தில் விளைந்ததன்று. பர்மாவிலிருந்தும் பெருமளவு வந்தது. அவர்களைக் காத்தது விளைந்த மண்ணன்று. அரிசியைப் பக்குவப்படுத்திய முறையாகும். எனவே ஓர் அரிசியின் தன்மையை அறிய விளைநிலம், நெல்வகை, பக்குவமுறை ஆகிய மூன்றையும் தனித்தனியே அறிய வேண்டும் என்னும் பாடம் இதனால் கிடைக்கிறது. பிற்காலத்து வழக்குகள் பலவும் இம்மூன்றையும் ஒரே பெயரில் குழப்பியதால் எழுந்தவையே எனலாம்.

பாசுமதி: பெயரின் பயணம்

மணமுடையது என்னும் பொருள் தரும் 'பாசுமதி' என்ற பெயர், 1766இல் வாரிஸ் ஷா இயற்றிய 'ஹீர்' என்னும் பஞ்சாபிக் காப்பியத்தில் இடம்பெறுகிறது. இமயமலையடிச் சமவெளியில் விளையும் இவ்வரிசி, மணத்தாலும் சமைக்கும்போது நீளும் இயல்பாலும் சிறப்புப் பெற்றது. பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபின் காலா ஷா காக்கு ஆய்வு நிலையத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட 'பாசுமதி 370' 1933இல் வெளியிடப்பட்டது. 1947இல் நாடு பிரிந்தபோது அந்நிலையம் பாகிஸ்தானுக்கு உரியதாயிற்று. நெல்லோ எல்லையின் இருபுறமும் விளைந்தது. ஒரு பெயருக்கு இரு நாடுகள் உரிமை கோரும் நிலை அன்றே தோன்றிவிட்டது.

பிரிட்டனில் குடியேறிய பஞ்சாபியரும் குசராத்தியரும் இவ்வரிசிக்கு வெளிநாட்டுச் சந்தையாயினர். 1972இல் உகாண்டாவிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆசியர்களுள் ஏறத்தாழ 27,000 பேர் அங்குக் குடியேறியமை இச்சந்தையை விரிவாக்கியது. ஆசியர் கடைகளில் விற்ற அரிசி காலப்போக்கில் பேரங்காடிகளுக்கும் சென்றது. விலை உயர்ந்தது; விலை உயரவே கலப்படமும் பெருகியது.

பெயரைப் பயன்படுத்தும் போட்டி அமெரிக்காவிலும் எழுந்தது. டெக்சாசு மாநிலத்தின் ரைஸ்டெக் நிறுவனம் 'டெக்ஸ்மதி', 'காஸ்மதி' என்னும் பெயர்களில் அரிசி விற்று வந்தது. 1997 செப்டம்பர் 2இல் அந்நிறுவனத்திற்கு, 'பாசுமதி நெல் வழிகளும் அரிசிமணிகளும்' என்னும் தலைப்பில் 20 உரிமைக்கூற்றுகள் கொண்ட காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அரசின் வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான அபெடா 2000இல் மறு ஆய்வு கோரியது. நிறுவனம் சில கூற்றுகளைத் தானே கைவிட்டது. மறு ஆய்வின் முடிவில் ஐந்து கூற்றுகளே எஞ்சின. தலைப்பிலிருந்து 'பாசுமதி' என்னும் சொல்லும் நீக்கப்பட்டது.

எனினும் இவ்வெற்றி முழுமையானதன்று. காப்புரிமை வேறு, பெயருரிமை வேறு. அமெரிக்காவில் விளைந்த மண அரிசிக்குப் பாசுமதி என்று பெயரிடுவதைத் தடைசெய்யக் கோரிய விண்ணப்பத்தை அந்நாட்டின் வணிக ஆணையம் 2001இல் ஏற்கவில்லை. தாயகத்தில் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாத நிலையில், அயல்நாட்டில் அதனைக் கோருவது எளிதன்று என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

கலப்படமும் மரபணுச் சோதனையும்

பிரிட்டனின் உணவுத் தர முகமை 2004இல் வெளியிட்ட ஆய்வு இச்சிக்கலின் அளவைக் காட்டுகிறது. பாசுமதி எனப் பெயரிடப்பட்ட 363 மாதிரிகளுள் 54 விழுக்காடு மட்டுமே கலப்பற்றவை. 17 விழுக்காட்டு மாதிரிகளில் பிற அரிசி ஐந்தில் ஒரு பங்கிற்கு மேலும், 9 விழுக்காட்டு மாதிரிகளில் ஐந்தில் மூன்று பங்கிற்கு மேலும் கலந்திருந்தது. கலப்படம் வயலில் தொடங்கி, ஆலை, ஏற்றுமதியாளர் கிடங்கு, பொதியிடும் இடம் என எந்நிலையிலும் நிகழக்கூடியது. ஆதலின் ஒரு தரப்பினரை மட்டும் குற்றம் சாட்டுதல் பொருந்தாது.

இதன் விளைவாக 2005இல் பிரிட்டன் அரிசி வணிகர் அமைப்புகள் ஒரு நடைமுறை விதித்தொகுப்பை வகுத்தன. ஏற்கப்பட்ட நெல்வகைகளின் பட்டியலை அது தந்தது. பிற அரிசியின் கலப்பு 7 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றும் வரையறுத்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2004 முதல் குறிப்பிட்ட சில வகைகளின் தவிடு நீக்காத அரிசிக்கு மட்டும் இறக்குமதி வரிவிலக்கு அளித்து, மரபணுச் சோதனையை அதற்குக் கருவியாகக் கொண்டது. இந்தியாவில் ஐதராபாத்திலுள்ள மரபணு ஆய்வு மையம் பாசுமதிக்கெனச் சோதனை முறையை உருவாக்கியது.

இச்சோதனையின் வரம்பையும் இங்குச் சுட்டுதல் வேண்டும். மரபணுச் சோதனை நெல்வகையை அறிவிக்கும். விளைந்த ஊரை அறிவிக்காது. ஒரே விதை பஞ்சாபில் விளைந்தாலும் வேறெங்கு விளைந்தாலும் அதன் மரபணு ஒன்றே. மணமும் சான்றாகாது, பாசுமதிக்கு மணம் தரும் அதே வேதிப்பொருள் ரம்பை இலையிலும் உண்டு. ஆகவே பிறப்பிடத்தை மெய்ப்பிக்க, உழவர் பதிவு முதல் ஏற்றுமதிச் சான்று வரையிலான ஆவணத் தொடர்ச்சி இன்றியமையாததாகிறது.

புவிசார் குறியீடும் எல்லைச் சிக்கலும்

1999இல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003 செப்டம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. இதற்கான பதிவகம் சென்னையில் அமைந்தமையால், வடநாட்டு அரிசியின் வழக்கு தமிழகத் தலைநகரில் நடந்தது. 2008இல் அபெடா விண்ணப்பித்தது. மத்தியப் பிரதேசத்தின் பகுதிகளும் சேர்க்கப்பட வேண்டும் என்னும் கோரிக்கையால் வழக்கு நீண்டது. 2016 பிப்ரவரியில் பஞ்சாப், அரியானா, தில்லி, இமாசலப் பிரதேசம், உத்தரகண்ட் ஆகியவற்றோடு, மேற்கு உத்தரப் பிரதேசம், சம்மு ஆகியவற்றின் பகுதிகளையும் உள்ளடக்கிப் பதிவு வழங்கப்பட்டது. மத்தியப் பிரதேசத்தின் மனுவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2020இல் தள்ளுபடி செய்தது. 2021இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை விலக்கி, வழக்கை மீண்டும் விசாரிக்குமாறு அனுப்பியது.

இவ்வழக்கில் இருபுறமும் நிற்போர் உழவர்களே. எல்லைக்கு உள்ளிருக்கும் உழவருக்குப் பெயர் விலையைத் தருகிறது. வெளியிலுள்ளவர் அதே விதையை விதைத்தாலும் அப்பெயரை இழக்கிறார். எல்லைக்கோடு வரைவதன் நன்மையும் கடுமையும் இதில் ஒருங்கே வெளிப்படுகின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தியா 2018இல் அளித்த விண்ணப்பம் 2020 செப்டம்பரில் வெளியிடப்பட்டபோது பாகிஸ்தான் எதிர்ப்புத் தெரிவித்தது. அந்நாடு 2020இல் தன் புவிசார் குறியீட்டுச் சட்டத்தை இயற்றி, 2021இல் பாசுமதியைப் பதிவு செய்தது. இலண்டனில் ஒரே கடையில் இரு நாட்டு அரிசியையும் வாங்கும் புலம்பெயர்ந்தோருக்கு இப்பெயர் பொதுச் சொத்தாகவே விளங்குகிறது.

பொன்னி: சென்று மீண்ட நெல்

பாசுமதிக்கு இணையாகத் தமிழர் நடுவே வழங்கும் சான்று பொன்னியாகும். மலாயாவில் இந்திய, சப்பானிய நெல்லினங்களைக் கலக்கும் பன்னாட்டுத் திட்டத்தின்கீழ், தைவானின் 'டைச்சுங் 65' வகையையும் மலாயாவின் 'மயாங் எபோசு 80' வகையையும் இணைத்து உருவாக்கப்பட்ட நெல், 1965இல் 'மசூரி' என வெளியிடப்பட்டது. லங்காவித் தீவின் தொன்மக்கதைப் பெண்ணின் பெயர் அது. அந்நெல்லின் வழிவந்த தேர்வே காவிரியின் பெயரால் பொன்னி என வழங்கலாயிற்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வெள்ளைப் பொன்னி 1986இல் வெளிவந்தது.

பின்னர் இவ்வரிசி மலேசியா, சிங்கப்பூர் வாழ் தமிழர்க்குத் தாயக அரிசியாக ஏற்றுமதியாயிற்று. மலாயா மண்ணில் தோன்றிய நெல், தமிழ்ப்பெயர் பூண்டு அம்மண்ணுக்கே மீண்டமை வியப்பிற்குரியது. மலேசிய நிறுவனம் ஒன்று 'பொன்னி' என்னும் பெயரைத் தன் வணிகக் குறியாகப் பதிவு செய்தபோது, இந்திய ஏற்றுமதியாளர் அப்பெயரை அங்குப் பயன்படுத்துவதில் தடை ஏற்பட்டது. அபெடா தொடுத்த வழக்கில், 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அப்பதிவை நீக்கத் தீர்ப்பளித்தது. நெல்வகையின் பெயர் தனியொருவரின் உடைமையாகாது என்பதே வழக்கின் உட்கிடை.

ஆயினும் தமிழகக் கடைத்தெருவிலேயே இப்பெயர் நெகிழ்ந்து வழங்குகிறது. பி.பி.டி. 5204 போன்ற வேறு வகைகளும் பொன்னி எனப்படுவதுண்டு. 'கர்நாடகப் பொன்னி', 'ஆந்திரப் பொன்னி' என விளைநிலத்தை முன்னொட்டாகச் சேர்க்கும் வழக்கு, எழுதப்படாத ஒரு பிறப்பிட அறிவிப்பாகவே அமைகிறது. பாசுமதிப் பெயரில் ஊர் உள்ளடங்கியுள்ளது. பொன்னிப் பெயரிலோ ஆறு இருப்பினும், அவ்வாற்றங்கரையில் விளைந்தது என்னும் உறுதி இல்லை. இவ்வேறுபாட்டை அறியாத அயல்நாட்டு வாசியர் பெயரையே சான்றாகக் கொள்ள நேர்கிறது.

ஏற்றுமதித் தடையும் பெயர் மாற்றமும்

2023 சூலையில் பாசுமதியல்லாத வெள்ளையரிசி ஏற்றுமதியை இந்திய அரசு தடைசெய்தது. தடைசெய்யப்பட்ட அரிசி பாசுமதி என்னும் பெயரில் வெளியேறுவதைத் தவிர்க்க, அவ்வாண்டு ஆகஸ்டில் பாசுமதிக்கு டன்னுக்கு 1,200 டாலர் அடிப்படை விலை விதிக்கப்பட்டது. அக்டோபரில் அது 950 டாலராகக் குறைக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் விலை வரம்பும் வெள்ளையரிசித் தடையும் நீக்கப்பட்டன. முன்னர் மலிந்த அரிசி உயர்ந்த பெயரை நாடியது இலாபத்திற்காக. இப்போது தடையைக் கடப்பதற்காக. பெயர்ப் பிழைக்குச் சந்தை மட்டுமன்றி அரசாணையும் காரணமாகக்கூடும் என்பது இதனால் பெறப்படுகிறது.

இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் வகுத்து 2023 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்த பாசுமதித் தரவிதிகள், செயற்கை மணத்தையும் நிறத்தையும் விலக்கின. ஆயினும் பிற அரிசியின் கலப்பு 15 விழுக்காடு வரை ஏற்கப்பட்டது. இலண்டன் வாசிக்கு 7, தாயக வாசிக்கு 15 என்னும் இவ்வேறுபாடு சிந்தனைக்குரியது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. தாயக அரிசிக்குரிய நேர்மையான அறிவிப்பு நெல்வகை, விளைநிலம், பக்குவமுறை ஆகிய மூன்றையும் தனித்தனியே கூற வேண்டும். ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது.

2. அயல்நாட்டில் பெயருரிமை கோருவதற்குத் தாயகத்தில் அப்பெயர் ஒழுங்காக வழங்குதல் அடிப்படையாகும். பாசுமதி அதனைக் காலம் தாழ்ந்து கற்றது. பொன்னிக்கு அப்பாடம் இன்னும் தேவைப்படுகிறது.

3. ஆய்வகச் சோதனை கலப்பைக் காட்டும். ஊரைக் காட்டுவது உழவர் முதல் வணிகர் வரையிலான ஆவணமும் அறமுமே.

4. பெயர் தூய பிறப்பிடத்தைக் குறிப்பது என்னும் எண்ணம் வரலாற்றோடு முழுதும் ஒவ்வாது. நெல்லும் மக்களைப் போலவே புலம்பெயர்ந்து மீண்டுள்ளது. அவ்வழியை மறைக்காமல் கூறுவதே நேர்மையான அறிவிப்பு எனலாம்.