வலி மாத்திரையின் வரலாறு

உங்களில் பலர் ஐம்பதைத் தாண்டிவிட்டீர்கள். மூட்டு வலிக்கு மெடிக்கல் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி, மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களும் இருக்கிறீர்கள். அந்த மாத்திரையின் வரலாற்றைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

1763-இல் எட்வர்டு ஸ்டோன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், வில்லோ மரப்பட்டைப் பொடி குளிர்காய்ச்சலைத் தணிப்பதாக லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அந்த வழியில் வந்ததுதான் ஆஸ்பிரின். ஜெர்மனியின் பேயர் கம்பெனி 1899-இல் அதற்கு அந்தப் பெயரை வைத்தது. 1938-இல் லண்டன் டாக்டர்கள் இருவர், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களின் இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பலருக்கு உட்சுவர் சிவந்து கன்றியிருந்தது.

ஏன் என்பது 1971-இல்தான் விளங்கியது. உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள் சுரக்கின்றன. வலியையும் வீக்கத்தையும் கூட்டுபவை அவைதான். இரைப்பைச் சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்ப்பதும் அவைதான். மாத்திரை அவை உருவாவதையே தடுக்கிறது. இதைக் கண்டுபிடித்த ஜான் வேன் 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வயிற்றை விட்டுவிட்டு வீக்கத்தை மட்டும் தடுக்க முடியாதா? அந்த எண்ணத்தில் 1999-இல் அமெரிக்காவின் மெர்க் கம்பெனி 'வயாக்ஸ்' மாத்திரையைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே, எட்டாயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வு வெளியானது. நாப்ராக்சன் என்ற பழைய மாத்திரையைவிட வயாக்ஸில் வயிற்றுப்புண் குறைவு, மாரடைப்போ அதிகம். நாப்ராக்சன் இதயத்தைக் காத்திருக்கும், அதனால்தான் இந்த வித்தியாசம் என்றது கம்பெனி. விற்பனை தொடர்ந்தது.

2004-இல் இன்னோர் ஆய்வு. இம்முறை ஒப்பிட்டது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு. 18 மாதங்களுக்குப் பிறகு, வயாக்ஸ் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. வெற்று மாத்திரை இதயத்தைக் காத்தது என்று யாரும் சொல்ல முடியாதல்லவா? செப்டம்பர் 30 அன்று வயாக்ஸ் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது.

வயாக்ஸ் போய்விட்டது, ஆபத்து போகவில்லை. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவற்றிலும், முதல் சில வாரங்களிலேயே மாரடைப்பு ஆபத்து கூடலாம், அளவும் நாளும் ஏற ஏற அதுவும் ஏறலாம் என்று 2015-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

ஆகவே பிரஷர், சர்க்கரை, இதய நோய், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இவற்றைத் தொடாதீர்கள். மற்றவர்களும் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருக்காதீர்கள். மலம் கறுத்துப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதயத்துக்காக டாக்டர் எழுதித் தந்த ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் அப்பா, அம்மாவின் மாத்திரை டப்பாவை இன்றே ஒரு முறை திறந்து பாருங்கள்.