ராகமும் மருந்துச் சீட்டும்

சாந்தோமில் கடலுக்குப் போகும் சந்து ஒன்றில் எங்கள் வீடு. சர்ச் மணி மாலை ஆறு அடிக்கும்போது அப்பாவை நாற்காலியோடு ஜன்னலோரம் நகர்த்துவது பாங்கிலிருந்து திரும்பியதும் என் முதல் வேலை. மூன்று வருஷங்களுக்கு முன் இடது மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதில் அவருக்கு வலது கையும் பேச்சும் போயின. நாங்கள் சொல்வது புரிந்தது, ஆட்கள் தெரிந்தார்கள், வார்த்தைதான் வரவில்லை. அந்தச் சமயத்தில் உறவுக்காரர் ஒருவர் அச்சடித்த அட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இடது பத்தியில் வியாதி, வலது பத்தியில் ராகம். ரத்த அழுத்தத்துக்கு ஆனந்தபைரவி, தூக்கமின்மைக்கு நீலாம்பரி என்று போயிற்று. இரண்டு மாதம் அட்டைப்படியே நடந்தோம். அப்பா கேட்டார், அல்லது கேட்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். பேச்சுப் பயிற்சிக்கு அவரை அழைத்துப் போயிருக்கவேண்டிய இரண்டு மாதம் அது. ஆகவே இந்த விஷயத்தில் நடுநிலை எதையும் நான் கோரவில்லை.

அட்டைக்கு ஒரு சரித்திரம் உண்டு. சங்கீத உலகில் யாரைக் கேட்டாலும் முதலில் முத்துஸ்வாமி தீக்ஷிதருக்குத்தான் போவார்கள். சிஷ்யர் தம்பியப்பனுக்குத் தீராத வயிற்றுவலி. ஜாதகத்தில் குரு சரியில்லை. தீக்ஷிதர் அடாணாவில் ‘ப்ருஹஸ்பதே’ கீர்த்தனையை இயற்றிக் கொடுக்க, வலி தீர்ந்தது. நவக்கிரக கிருதிகள் இப்படித்தான் பிறந்தன என்பது ஐதீகம். தியாகையர் பிலஹரி பாடி இறந்தவரை எழுப்பியதாக இன்னொன்று. ஐதீகத்தை நிரூபி என்று கேட்பது ரசனைக் குறைவு, நான் கேட்கவில்லை. ஆனால் கதையையாவது சரியாகப் படிக்கலாம். தீக்ஷிதர் பாட, தம்பியப்பன் படுத்துக்கொண்டு கேட்கவில்லை. கீர்த்தனையைப் பாடம் பண்ணித் தினம் பாடும்படி சிஷ்யனுக்குச் சொன்னார் என்றுதான் கதை. மருந்து அடாணாவா, கிரகமா, நோயாளியின் வாய்ப்பாட்டா என்று கதை பிரித்துச் சொல்லவில்லை. அட்டை போட்டவர்கள் அடாணாவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு மனிதர் நம்மிடையே இருந்திருக்கிறார். ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்து, திண்டுக்கல்லில் வாத்தியார் வேலை பார்த்து, சுருளிமலையில் கருணானந்தர் என்ற சித்தரிடம் மருத்துவம் கற்று, தஞ்சாவூரில் மருந்துக்கடை வைத்தவர். கருணாநிதி வைத்தியசாலையின் மருந்துகள் ஊர் ஊராகப் போயின. மூலிகைக்கென்று வளர்த்த தோட்டம் பண்டிதர் தோட்டம் என்றே பெயர் பெற்றது. அந்தப் பணத்தில் 1912-ல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை ஏற்படுத்தி, வித்வான்களைத் தம் செலவில் தஞ்சாவூருக்கு வரவழைத்து மாநாடுகள் நடத்தினார். 1916-ல் பரோடாவில் கூடிய அகில இந்திய சங்கீத மாநாட்டில் தம் மகள்களைக்கொண்டு தம் சுருதிக் கணக்கை வாசித்தும் பாடியும் காட்டினார். 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. ஸ்தாயிக்கு இருபத்திரண்டு சுருதி என்று சாரங்கதேவர் முதலியோர் சொல்லிவந்ததை மறுத்து, பழந்தமிழ்ப் பாலைகளை ஆதாரமாக வைத்து இருபத்துநான்கு என்று வாதாடிய ராட்சசப் புத்தகம். அவர் கணக்கு சரியா என்பது வேறு சண்டை.

என்னை நிறுத்துவது வேறொன்று. மருந்தும் ராகமும் ஒரே கூரையின் கீழ் இருந்த வீடு அது. வாடிக்கையாளர் ஆயிரக்கணக்கில். இசையின் மகிமையைப் பக்திப் பெருக்கோடு பேசக்கூடியவர். ‘இந்த வியாதிக்கு இந்த ராகம்’ என்று ஒரு பொட்டலம் கட்ட அவரைவிடத் தகுதியான ஆள் தமிழ்நாட்டில் இருந்திருக்க முடியாது. ஆனால் அவர் பெயரைக் காப்பாற்றியது மாத்திரைகளும், தந்தியின் நீளத்தை அளந்த கணக்குகளும்தான். பாங்கில் நாங்கள் சொல்வதுபோல், இரண்டு பேரேடு. மருந்தில் வந்த லாபம் சங்கீதத்தில் செலவாயிற்று. சங்கீதத்தை மருந்தாக விற்று லாபம் எழுதவில்லை. இதை ஒரு அறிவு நாணயம் என்று நான் மதிக்கிறேன்.

பேரேடுகள் கலந்தது பிறகு. 1950களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் டி.சி.என். சிங் காசித்தும்பைச் செடிகளுக்கு வீணை கேட்பித்து, அவை உயரமாக வளர்ந்தன, இலை அதிகம் விட்டன என்று அறிவித்தார். 1973-ல் டாம்ப்கின்ஸும் பேர்டும் எழுதிய ‘தாவரங்களின் ரகசிய வாழ்க்கை’ என்ற அமெரிக்கப் புத்தகம் சிதம்பரத்து வீணையை உலகமெங்கும் கொண்டுபோயிற்று. தாவர இயல்காரர்கள் அந்தப் புத்தகத்தை ஏற்கவில்லை. ஒலி அதிர்வு, அதிர்வுக்குச் செடி எதிர்வினை காட்டலாம். ஆனால் வீணைக்கும் மின்விசிறிக்கும் செடி வித்தியாசம் காண்கிறதா என்று கேட்காதவரை அது ராகத்தைப் பற்றிய செய்தி ஆகாது. பின்னால் சென்னையில் குன்னக்குடி வைத்தியநாதன் (1935–2008) ராக ஆராய்ச்சி மையம் என்று ஒன்றை நடத்தினார். வயலினில் எதையும் பேசவைக்க முடிந்த அவர் ராகத்துக்கு நோய் தீர்க்கும் சக்தி உண்டென்று மேடையில் பேசினால் சபை தலையாட்டும். கைதட்டலை அளவுகோலாக வைத்து எத்தனை வருஷம் ஓட்டிவிட்டோம்!

நமக்கு மட்டும் உரிய வியாதி அல்ல இது. 1993-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் ஒரு பக்கக் குறிப்பு: 36 கல்லூரி மாணவர்கள், பத்து நிமிஷம் மோஸார்ட், அதன்பின் இடவுணர்வுக் கணக்கில் சற்றே கூடுதல் மதிப்பெண், அதுவும் கால் மணி நேரத்துக்குள் மறைந்துவிடுகிறது. 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில கவர்னர் பிறக்கும் குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்கப் பணம் கேட்டார். அடுத்த வருஷம் அதே ‘நேச்சரில்’ மற்ற சோதனைகளையெல்லாம் கூட்டிப் பார்த்து, சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை என்று எழுதினார்கள். அந்த இரண்டாவது குறிப்பை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை.

ஆனால் எல்லாம் புளுகு என்று முடித்துவிடவும் வழியில்லை, அதுதான் சங்கடம். 2015-ல் ‘லான்ஸெட்’டில் வந்த ஆய்வு, சீட்டுக் குலுக்கிப் பிரித்தாற்போல் நோயாளிகளைப் பிரித்து நடத்திய 73 சோதனைகளைத் திரட்டியது. ஆபரேஷனுக்கு முன்னோ பின்னோ இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன, வலி மாத்திரை குறைவாகத் தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் குறையவில்லை. எந்த இசை என்பது பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. அட்டையின் வலது பத்தி முழுவதும் இங்கே அடித்துக்கொண்டு போகிறது. 2017-ல் ஒன்பது நாடுகளில் 364 ஆட்டிஸக் குழந்தைகளுக்கு இசைச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். குறிகளின் கடுமை மாறவில்லை. அதையும் மறைக்காமல் பிரசுரித்தார்கள். பழைய ஏற்பாட்டிலும் இப்படி ஒரு நேர்மை உண்டு. தாவீதின் யாழ் கேட்டு சவுல் ராஜாவுக்கு ஆறுதல் வந்தது; பின்னொரு நாள் அதே யாழ் வாசிக்கையில் அவன் தாவீதின்மேல் ஈட்டியை எறிந்தான். நம் ஐதீகங்களில் ஈட்டி எறிந்த நாள் மட்டும் காணாமல் போய்விடுகிறது.

எங்கள் வீட்டுக்கு நெருங்கிய சோதனை ஹெல்ஸிங்கியில் நடந்தது. 2008-ல் வெளியானது. ஸ்ட்ரோக் வந்த 60 பேர். ஒரு குழுவுக்குத் தினமும் பாட்டு, ஒன்றுக்குப் படித்துக்காட்டும் கதை, ஒன்றுக்கு எதுவுமில்லை. இரண்டு மாதம். பாட்டுக் கேட்டவர்களுக்குச் சொல் நினைவும் கவனமும் மற்றவர்களைவிட நன்றாகத் திரும்பின. அதே இரண்டு மாதம்! ஆனால் அங்கே கேட்டது அவரவருக்குப் பிடித்த பாட்டு. அப்பாவுக்கு வாழ்நாள் முழுக்க டி.எம்.எஸ். தவிர யாரும் பாடகரே இல்லை. நாங்கள் ஆனந்தபைரவியைப் போட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு ஒரு பேச்சுப் பயிற்சியாளர் கிடைத்தார். முதல் நாளே, “ஐயா, உங்களுக்குப் பிடிச்ச பாட்டு ஏதாவது பாடுங்க” என்றார். தண்ணீர் என்று சொல்லவராத மனிதர் டி.எம்.எஸ். பாட்டு ஒன்றின் பல்லவியை ஒரு எழுத்துச் சிதையாமல் பாடினார். அம்மா உள்ளே போய் அழுதாள். அற்புதமென்று நினைத்தோம். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஸ்வீடனில் டாலின் என்பவர் இதே போன்ற ஒருவரைப் பதிவுசெய்திருக்கிறார்: பேச்சில்லை, தோத்திரப் பாட்டு மட்டும் வரும். 1973-ல் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் மூவரும் இதையே பயிற்சியாக்கினார்கள். சிறு வாக்கியத்தை இழுத்துப் பாடுவது, கூடவே இடது கையால் தட்டுவது, கொஞ்சம் கொஞ்சமாக ராகத்தைக் கழற்றிவிடுவது. பழகிய வாக்கியங்கள் வருகின்றன. புதியவை அவ்வளவு சுலபத்தில் வருவதில்லை.

2011-ல் ஸ்டால் என்ற ஜெர்மானியரும் கூட்டாளிகளும் பேச்சிழந்த 17 பேரை வைத்து மெட்டையும் தாளத்தையும் தனித்தனியே பிரித்துச் சோதித்தார்கள். உதவியது மெட்டு அல்ல. தாளமும், நாக்குக்குப் பழகிப்போன சொற்களும். பார்க்கின்ஸன் நோயாளிகளையும் ஸ்ட்ரோக் வந்தவர்களையும் சீரான தட்டுக்கு நடக்கவைத்து, நடை தேறுவதை தாவுட் 1990களிலேயே காட்டியிருந்தார். நம் அட்டையில் தாளத்துக்குப் பத்தியே கிடையாது. ராகம் தெய்வீகம், மிருதங்கம் பக்கவாத்தியம் என்று சபாவில் உட்கார்த்திவைத்த வரிசையே வைத்தியத்திலும். தீக்ஷிதரின் நோயாளி யார் என்பதைக்கூட மறந்துவிட்டோம். அவர் பெயர் சுத்தமத்தளம் தம்பியப்பன். மத்தளக்காரர்.

நேற்று மணி அடித்தபோது அப்பா இடது கையால் ஜன்னல் கட்டையில் தட்டினார். நாலு தட்டு. “காப்பி கொண்டா” என்றார், பாட்டாக. அம்மா சர்க்கரை போட மறந்துவிட்டாள். அதற்கு வார்த்தை வரவில்லை, டம்ளரைத் தள்ளிவைத்தார்.