நினைவு நிலைபெறும் வரலாறு

நேற்று நடத்திய பாடத்தை இன்று மறந்து நிற்கும் மாணவனைக் கடிந்துகொள்ளாத ஆசிரியர் நம்முள் எவருமிலர். கற்றது மனத்தில் எங்ஙனம் நிலைபெறுகிறது என்பதை ஆராய்ந்தோரின் வரலாற்றை அறிந்தால், அச்சினம் சற்றே தணியும்.

ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து, மறதியின் விரைவை அளந்து, 1885ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஒரே அமர்வில் பன்முறை ஓதுவதினும், நாள் இடைவெளி விட்டு ஓதுவதே பயன் மிக்கது எனக் கண்டார். 1900ஆம் ஆண்டில் முல்லர், பில்செக்கர் என்னும் இருவர், ஒன்றைக் கற்ற உடனே மற்றொன்றைக் கற்பின் முன்னது குலைகிறது என்று காட்டினர். நினைவு இறுகுவதற்குக் காலம் வேண்டும் என்பது அவர்தம் முடிவு.

மூளையின் எப்பகுதி இப்பணியைச் செய்கிறது? இதற்கு விடை ஓர் இளைஞரின் துயரத்தால் கிடைத்தது. அமெரிக்கரான ஹென்றி மோலேசன் கடும் வலிப்பு நோயால் வருந்தியவர். 1953ஆம் ஆண்டில், அவரது 27ஆம் வயதில், மருத்துவர் ஸ்கோவில் அவர் மூளையின் இருபுறத்தும் ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பின் பெரும்பகுதியை அகற்றினார். வலிப்புத் தணிந்தது, புதியதை நினைவிற்கொள்ளும் ஆற்றலும் உடன் அழிந்தது. இளமைக்கால நிகழ்ச்சிகளைச் சொல்லுவார். சற்றுமுன் பேசியவரை அறியார்.

அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் அம்மையார், ஸ்கோவிலுடன் இணைந்து 1957ஆம் ஆண்டில் இதனை உலகறியச் செய்தார். கண்ணாடியில் தெரியும் உருவைப் பார்த்து விண்மீன் வரையும் பயிற்சியில், மோலேசன் நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்றார். ஆயினும் முன்பு பயின்றதாகவே அவருக்கு நினைவில்லை. கைத்திறன் பதியும் வழி வேறு, நிகழ்ச்சி பதியும் வழி வேறு என்பது இதனாற் புலனாயிற்று.

ஹிப்போகாம்பஸ் புது நினைவுகள் புகும் வாயில் போன்றது. நெடுநாள் நினைவுகளோ மூளையின் புறணியெங்கும் பரவி நிலைக்கின்றன. மீண்டும் மீண்டும் தூண்டப்பெறும் நரம்பணு இணைப்புகள் வலுப்பெறுவதை, 1973ஆம் ஆண்டில் பிளிஸ், லோமோ ஆகியோர் முயலின் மூளையில் கண்டறிந்தனர். உறக்கம் நினைவை உறுதிப்படுத்தத் துணைசெய்கிறது என்பதையும் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

தேர்வு நெருங்குங்கால் மாணவரை நள்ளிரவு வரை விழித்துப் படிக்கச் சொன்னவருள் யானும் ஒருவன். அது தவறென இன்று உணர்கிறேன். மோலேசன் 2008ஆம் ஆண்டில், 82ஆம் வயதில் மறையும்வரை ஆய்வாளர்க்கு ஒத்துழைத்தார். அவர் இழப்பால் உலகம் பெற்ற அறிவை நாம் வகுப்பறையில் பயன்கொள்ளல் வேண்டும். சிறிது சிறிதாகக் கற்பிப்போம். இடைவெளி விட்டு மீண்டும் வினவுவோம். பிள்ளைகளை நேரத்தோடு உறங்கவிடுவோம்.