பல்லிழை ஒப்பந்தம்

பருத்தி, கம்பளி, செயற்கை இழை ஆகியவற்றால் ஆன நூலும் துணியும் ஆயத்த ஆடையும் வளரும் நாடுகளிலிருந்து அமெரிக்கா, கனடா, மேற்கு ஐரோப்பா முதலிய செல்வ தேசங்களுக்குள் ஆண்டொன்றுக்கு எவ்வளவு வரலாம் என்பதை நாடுவாரியாகவும் சரக்குவாரியாகவும் வரையறுத்து, 1974 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த சர்வதேச ஏற்பாடு பல்லிழை ஒப்பந்தம் எனப்படும். 1995-இல் அது வேறோர் உடன்படிக்கைக்கு இடம் கொடுத்து விலகியபோதிலும், அதன்கீழ் வகுக்கப்பட்ட கோட்டாக்கள் 2004 இறுதிவரை நீடித்தன.

இதன் பூர்வோத்தரம் ஜப்பானிலிருந்து தொடங்குகிறது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் மலிவு விலையில் வந்து குவிந்த ஜப்பானியப் பருத்தி உடைகளைக் கண்டு அமெரிக்க ஆலை முதலாளிகள் கலங்கி முறையிட, 1957-இல் ஜப்பான் 'தானே விரும்பி' ஏற்றுமதியைக் குறைத்துக்கொண்டது. அந்த விருப்பம் எவ்வளவு சுயேச்சையானது என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். விட்ட இடத்தை ஹாங்காங் பிடித்துக்கொள்ளவே, 1961-இல் குறுகிய காலத்துக்கும், 1962-இல் நீண்ட காலத்துக்குமாகப் பருத்திச் சரக்குக்குக் கட்டுப்பாடுகள் பிறந்தன. வியாபாரிகள் செயற்கை இழைக்கு மாறித் தப்பவே, அதையும் கம்பளியையும் சேர்த்துப் பிணைக்க வேண்டியதாயிற்று. அளவுக் கட்டுப்பாடு கூடாது, நாட்டுக்கு நாடு பட்சபாதம் கூடாது என்பவை உலக வாணிபப் பொது உடன்படிக்கையாகிய 'காட்'டின் (GATT) மூலாதாரக் கொள்கைகளாயிருக்க, அவற்றை வகுத்தவர்களே துணிக்கு மட்டும் தந்த இத் 'தற்காலிக' விலக்கு நாற்பது ஆண்டுகளைத் தாண்டி நின்றது.

நடைமுறை நுணுக்கமானது. அமெரிக்கப் பட்டியலில் ஆண்களுக்கான பருத்தி நெசவுச் சட்டைக்கு 340, அதுவே செயற்கை இழையாயின் 640, பருத்திப் பின்னல் சட்டைக்கு 338 என்று ஒவ்வோர் உருப்படிக்கும் ஓர் எண் உண்டு. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியே பேசித் தீர்த்த அளவு, ஆண்டுதோறும் நூற்றுக்கு 6 வீதம் வளர வேண்டுமென்பது விதி. இருதரப்பு உடன்படிக்கைகளில் அது பலமுறை அதனினும் குறுகியது. அந்த அளவை ஏற்றுமதியாளரிடையே பங்கிடும் பொறுப்பு விற்கும் நாட்டைச் சேர்ந்தது. இந்தியாவில் 1978-இல் நிறுவப்பட்ட ஆயத்த ஆடை ஏற்றுமதி அபிவிருத்திக் கழகம் இதைக் கவனித்தது. முன்னாண்டுகளில் ஏற்றுமதி செய்தவர்க்கே பெரும்பங்கு என்ற முறையால், திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்குத் பின்னல் எந்திரமும் தையல் எந்திரமும் போலவே கோட்டாவும் ஒரு மூலதனமாயிற்று. ஹாங்காங்கிலோ கோட்டா உரிமம் வெளிப்படையாகவே விலைக்குக் கைமாறியது. ஊசியைத் தொடாதவர் லாபம் பெற்றார். அந்தக் கிரயம் சட்டையின் விலையில் ஏறியது.

வல்லவர்களைத் தடுக்கப் பிறந்த இந்தக் கட்டு, தையல் தொழிலே அறியாத தேசங்களுக்கு அத்தொழிலைக் கொண்டு சேர்த்தது என்பதே இதன் விசித்திரம். கோட்டா தீர்ந்த கொரிய, ஹாங்காங் முதலாளிகள், கோட்டா விதிக்கப்படாத அல்லது அது பயன்படாமல் கிடந்த நாடுகளைத் தேடிப் புறப்பட்டனர். வங்காள தேசத்தின் நூருல் காதர், கொரியாவின் டேவூ நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு, 1979-இல் 130 பேரைப் பூசானுக்கு அனுப்பித் தையலும் நிர்வாகமும் பயில்வித்து, சிட்டகாங்கில் தேஷ் கார்மெண்ட்ஸ் ஆலையை நிறுவினார். பயின்று திரும்பியவருள் பலர் சில ஆண்டுகளில் பிரிந்து வேறு ஆலைகளை எழுப்பினர். பணம் உறுதியென வாங்குவோரின் வங்கி தந்த கடன் கடிதத்தையே வங்கியில் ஈடுகாட்டித் துணி வாங்க இரண்டாம் கடன் கடிதம் பெறும் முறையும், சுங்கமின்றித் துணியை வைத்திருக்கும் பண்டகசாலையும் கைம்முதல் இல்லாத குறையைத் தீர்த்தன. 1985-இல் வங்காள தேசத்துக்கும் அமெரிக்கா கோட்டா விதித்தது; ஆனால் அதற்குள் தொழில் வேரூன்றிவிட்டது. 1978-இல் தொடங்கிய இலங்கையின் கட்டுநாயக்க ஏற்றுமதி வலயத்துக்கும் இக் கோட்டாவே உரமாயிற்று. பருத்தி விளையாத, தறியில்லாத மாலத் தீவுகளிலும் தையலாலைகள் எழுந்தன.

இதனால் ஓர் உடுப்பு பல தேசங்களில் துண்டு துண்டாக உருவாவது வழக்கமாயிற்று. ஹாங்காங்கின் லீ அண்ட் ஃபங் நிறுவனத் தலைவர் விக்டர் ஃபங் 1998-இல் விளக்கிய உதாரணத்தில், நூல் கொரியாவிலும், நெசவும் சாயமும் தைவானிலும், ஜிப் சீனத்திலும், தையல் தாய்லாந்தின் ஐந்து ஆலைகளிலும் நிகழ்கின்றன. தாய்லாந்தைத் தேர்ந்ததற்குக் கூலியோடு கோட்டாவும் காரணம்.

1995-இல் பிறந்த உலக வர்த்தக ஸ்தாபனம் கோட்டாக்களைப் பத்தாண்டுகளில் நீக்கத் தீர்மானித்தது. 1990-இன் இறக்குமதி அளவில் முதலில் 16, பின்னர் 17, 18 விழுக்காடுகள் விடுவிக்கப்பட்டன. ஆனால் செல்வ நாடுகள் பாராசூட் போன்ற, கோட்டாவே தேவைப்படாத சரக்குகளை முன்னே தள்ளிவிட்டு, முக்கிய உடைகளை எஞ்சிய 49 விழுக்காட்டில் கடைசி நாளுக்கு ஒதுக்கிவைத்தன. 2005-இல் கதவு திறந்ததும் சீனச் சரக்கு பெருகவே, ஜூனில் ஐரோப்பா ஷாங்காயில் சீனத்தோடு பேசி அதைப் புதுக் கட்டுப்பாட்டுக்கு இணங்கவைத்தது. அந்த அளவு விரைவில் தீர்ந்துபோகவே, ஆகஸ்டில் கோடிக்கணக்கான உடைகள் ஐரோப்பியத் துறைமுகங்களில் தேங்கின. மாலத் தீவின் ஆலைகள் மூடப்பட்டன. அழியுமென்று பலரும் கணித்த வங்காள தேசத்துத் தொழிலோ, மலிந்த கூலியாலும் ஐரோப்பாவின் சுங்க விலக்காலும் வளர்ந்தது. அக்கூலியின் மறுபக்கத்தை 2013 ஏப்ரல் 24-இல் அந்நாட்டின் சவாரில் தையலாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டபோது உலகம் கண்டது.

கோட்டா ஒழிந்தபின்னும் சுங்கம் ஒழியவில்லை. அமெரிக்காவின் பொதுவிகிதப்படி பருத்திப் பின்னல் டீ-ஷர்ட்டுக்கு 16.5 விழுக்காடும், செயற்கை இழையாயின் 32 விழுக்காடும் வரி உண்டு. ஆதலால் எந்த இழையில், எந்த நாட்டில் தைப்பது என்ற கணக்கு வாங்குவோரின் மேஜையில் இன்னும் நடக்கிறது.